மரத்தரைக்கு மெஷின் வாங்கலாமா? கடன் எழுதும் முன் ஒரு பாடம்



நம் மலைப்பகுதிக் குழுக்களில் பலர் லாட்ஜ் வேலை, எஸ்டேட் பங்களா வேலை, வீட்டு வேலை என்று சுத்தம் செய்யும் வேலைக்குத் தனித்தனியாகப் போய் வருகிறோம். "தனித்தனியாகக் கூலிக்குப் போவதைவிட, குழுவாகச் சேர்ந்து காண்ட்ராக்ட் எடுத்தால் என்ன?" என்று இப்போது சில குழுக்கள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நல்ல கேள்வி. அதோடு ஒட்டிக்கொண்டு அடுத்த கேள்வியும் வருகிறது: "தரை தேய்க்கும் மெஷின் வாங்கக் கடன் கிடைக்குமா?"

ஒழுங்காகக் கூட்டம் நடத்தி, கணக்கு எழுதி, பழைய கடனைத் திருப்பிக் கட்டிய குழுவுக்குக் கடன் கிடைக்கும். எந்த மெஷினுக்கு அந்தக் கடன் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். டைல்ஸுக்கும் மொசைக்குக்கும் நல்ல மெஷின், மரத்தரைக்கு எமனாகலாம். தரை கெட்டால் வேலை போகும், நஷ்டஈடு கேட்பார்கள், குழுவின் பெயரும் கெடும். ஆனால் மாதத் தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

அதனால் இந்த இதழில் மரத்தரைக்கான மெஷினைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் படிப்போம். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து விளக்க வேண்டுகிறோம்.

மரத்தரை எங்கே இருக்கிறது?

1822இல் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் என்ற முதல் பங்களாவைக் கட்டினார். அதன் பிறகு நீலகிரியில் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் வரிசையாக எழுந்தன. குளிருக்கு இதம் என்பதால் பழைய பங்களாக்கள் பலவற்றில் பலகைத்தரை போட்டார்கள். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை பக்கமும் இப்படிப்பட்ட தரைகள் உண்டு. இன்று அவற்றில் பல தங்கும் விடுதிகளாக, ஓட்டல்களாக நடக்கின்றன. புதிய ரிசார்ட்டுகளிலும் மரம் போடுகிறார்கள்.

கீழே ஊர்ப்பக்கமும் மரத்தரை வந்துவிட்டது. ஷட்டில் விளையாடும் உள்ளரங்கம், யோகா ஹால், நடனப் பள்ளி, ஜிம் என்று பல இடங்களில் பார்க்கிறோம். வேலை இருக்கிறது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்த இடத்தில்தான் நம் குழுவுக்கு வாய்ப்பு.

முதலில் மரத்தின் குணம்

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறது அல்லவா? வெயில் வந்ததும் தானாகத் தளர்ந்துவிடும். ஈரத்தைக் குடித்தால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தேக்கு, ஈட்டி, ஓக், மேப்பிள் என்று எவ்வளவு உறுதியான மரமாக இருந்தாலும் இந்தக் குணம் போகாது. கெட்டி மரம் என்றால் தண்ணீர் குடிக்காது என்று நினைக்க வேண்டாம்.

பலகையின் மேலே பாலிஷ் இருக்கும். ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே இடுக்கு இருக்கிறதே, அங்கே பாலிஷ் இல்லை. தரையில் தண்ணீர் நின்றால் அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். அடிப்பக்கம் ஈரமாகி உப்ப, பலகையின் இரண்டு ஓரமும் மேலே தூக்கும், நடுப்பகுதி பள்ளமாகும். கையை வைத்துத் தடவினால் தகரக் கூரை மாதிரி ஏற்ற இறக்கமாக இருக்கும். இது ஒரே நாளில் தெரியாது. சில நாள், சில வாரம் கழித்துத்தான் தெரியும். நாம் வேலையை முடித்து, காசு வாங்கி வந்த பிறகு போன் வரும்.

நம் மலையில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. பனிமூட்டமும் சேர்ந்தால் மரம் எளிதில் காயாது. சமவெளியில் தப்பித்துக்கொள்ளும் தரை இங்கே தப்பாது.

எனவே இந்தப் பாடத்தின் முக்கியமான ஒரு வரியை எல்லோரும் மனதில் எழுதிக்கொள்வோம்: மரத்தரையில் மெஷின் எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். விட்ட தண்ணீரை எவ்வளவு சுத்தமாகத் திரும்ப எடுக்கிறது என்பதைப் பாருங்கள்.

தரைக்கு மூன்று சோதனை

மெஷின் கடைக்குப் போகும் முன், நமக்கு வேலை தரப்போகிற இடத்துக்குப் போய்த் தரையைப் பார்க்க வேண்டும். சோதனைகளைப் பீரோ ஓரம், கதவு மூலை போன்ற மறைவான இடத்தில், உரிமையாளரின் அனுமதியோடு செய்யவும்.

1. சொட்டு நீர் சோதனை: இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக மேலேயே நின்றால் பாலிஷ் நன்றாக இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் பாலிஷ் போய்விட்டது. அந்தத் தரையில் ஈர மெஷின் ஓட்டவே கூடாது. நின்ற நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

2. மெழுகுச் சோதனை: இரண்டு சொட்டுத் தண்ணீரைப் பத்து நிமிடம் அப்படியே விட்டுத் துடையுங்கள். வெள்ளையாகப் புள்ளி விழுந்தால் அது மெழுகு பாலிஷ் போட்ட தரை. பழைய பங்களாக்களில் இதைக் காணலாம். இதற்கும் தண்ணீர் ஆகாது. தூசி எடுத்து, உலர்வாகத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும்.

3. இது மரம்தானா?: இப்போது லேமினேட் என்ற தரை நிறைய வருகிறது. பார்த்தால் மரம்தான். உண்மையில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல், மரப்படம் அச்சடித்த தாளை ஒட்டியது. இடுக்கில் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பிவிடும். ஒருமுறை உப்பியது திரும்ப அமுங்காது. என்ன தரை என்று உரிமையாளரிடம் கேட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

 நாம் தரையைப் பார்த்துத்தான் மெஷினைப் பற்றிப் பேச வேண்டும்.

என்னென்ன மெஷின் இருக்கிறது?

கடையில் பத்துப் பதினைந்து மாடல் வரிசையாக நிற்கும். பயப்பட வேண்டாம். எல்லாம் கீழே சொல்லும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

வேக்கம் கிளீனர்: தூசி, மணல், முடி உறிஞ்சுவது. மரத்தரைத் தொழிலுக்கு முதல் மெஷின் இதுதான் என்பது எங்கள் கருத்து. மரத்தரையில் கீறல் விழுவது பெரும்பாலும் செருப்பில் ஒட்டி வரும் மணலால்தான். மணலை எடுக்காமல் மேலே எந்த மெஷினை ஓட்டினாலும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலாகும். மெல்லிய முடி வைத்த பிரஷ் முனை இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம், உலர்வு இரண்டையும் உறிஞ்சும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

சிங்கிள் டிஸ்க் மெஷின்: நீண்ட கைப்பிடி, கீழே வட்டமான ஒரே பிரஷ். 17 அங்குல அளவு பரவலாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 180 சுற்று சுற்றும். விலை மற்றதைவிடக் குறைவு. ஆனால் இது தேய்க்கும், தண்ணீரைத் திரும்ப எடுக்காது. டைல்ஸில் தண்ணீர் ஊற்றித் தேய்த்து வைப்பரால் தள்ளிவிடுவோம். மரத்தில் அது நடக்காது. மரத்தரையில் இந்த மெஷினை உலர்வாகப் பாலிஷ் ஏற்ற மட்டும் பயன்படுத்தலாம். பழக்கமில்லாதவர் பிடித்தால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். கைப்பிடியை லேசாகத் தூக்கினால் ஒரு பக்கம், இறக்கினால் மறுபக்கம் போகும். இந்த நெளிவு சுளிவு பழகச் சில நாள் ஆகும்.

ஸ்க்ரப்பர் டிரையர்: இதில் இரண்டு டேங்க் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றொன்றில் அழுக்குத் தண்ணீர். முன்னால் பிரஷ் தேய்த்துக்கொண்டே போகும். பின்னால் வளைந்த ரப்பர் வைப்பர் தண்ணீரை வழித்துச் சேர்க்க, மோட்டார் உறிஞ்சி இரண்டாவது டேங்குக்கு அனுப்பும். கடைக்காரர் இந்த ரப்பர் பகுதியை ஸ்குவீஜி என்பார். பாலிஷ் நல்ல நிலையில் உள்ள மரத்தரைக்கு ஈரமாக ஓட்டத் தகுந்தது இந்த வகை மட்டுமே. அதிலும் எல்லா மாடலும் ஆகாது. அதைக் கீழே பார்ப்போம்.

அதிவேக பாலிஷ் மெஷின்: நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் சுற்றுவது. கடினமான தரைகளின் பளபளப்புக்காகச் செய்தது. அனுபவம் இல்லாமல் மரத்தில் வைத்தால் சூட்டில் பாலிஷே கெடலாம். நமக்கு வேண்டாம்.

இதோடு நீராவி அடிக்கும் மெஷினையும் சிலர் காட்டுவார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து இடுக்குக்குள் போகும். மரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. தண்ணீரின் அளவைக் குறைக்க முடியுமா? திருகியோ பட்டனை அழுத்தியோ தண்ணீரை மிகவும் குறைத்து விடும் வசதி வேண்டும். "ஒரே அளவுதான்மா வரும்" என்றால் அந்த மெஷின் மரத்துக்கு ஆகாது. ஓட்டத்தை நிறுத்தினால் தண்ணீரும் தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

2. முன்னும் பின்னும் உறிஞ்சுமா? சில மெஷின் முன்னால் போகும்போது மட்டும் உறிஞ்சும். பின்னால் இழுத்தால் ஈரத்தை அப்படியே விட்டுவிடும். அறை சிறிதாக இருந்தால் அடிக்கடி பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். திரும்பும் இடத்தில் கோடு கோடாகத் தண்ணீர் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

3. பிரஷ் என்ன வகை? வட்ட பிரஷ், உருளை பிரஷ் என்று இரண்டு உண்டு. சமமான தரைக்கு வட்ட பிரஷ் போதும். பலகை இடுக்கில் அழுக்குச் சேர்ந்த தரைக்கு உருளை பிரஷ் நல்லது, முடி இடுக்குக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும். எதுவானாலும் மரத்துக்கு மென்மையான முடிதான் வேண்டும்.

4. எடை எவ்வளவு, சக்கரம் எப்படி? காலி மெஷினின் எடையை மட்டும் சொல்வார்கள். பேட்டரியும் தண்ணீரும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 30 லிட்டர் டேங்க் என்றால் 30 கிலோ கூடும். பழைய பங்களாவின் மாடிப் பலகைக்கு அதிக பாரம் கூடாது. சக்கரம் கடினமான பிளாஸ்டிக்காக இருந்தால் மரத்தில் தடம் விழும், மென்மையான, கறை படியாத ரப்பர் சக்கரம் கேளுங்கள். நம்மில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

5. கரண்டா, பேட்டரியா? வயர் மெஷின் விலை குறைவு, எவ்வளவு நேரமும் ஓட்டலாம். ஆனால் வயர் காலில் மாட்டும். எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பங்களாக்களில் அது இல்லாமல் இருக்கலாம். பேட்டரி மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரவு முழுக்க சார்ஜ் போட வேண்டும். முழுவதும் இறங்கும்வரை ஓட்டினால் பேட்டரியின் ஆயுள் குறையும். நம் ஊர்க் குளிரில் பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். தண்ணீர் ஊற்றும் பேட்டரியா, ஊற்றத் தேவையில்லாத ஜெல் பேட்டரியா, மாற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள்.

6. சர்வீஸ் எங்கே? மோட்டார் நின்றுபோனால் எத்தனை நாளில் ஆள் வருவார், எங்கிருந்து வருவார்? வைப்பர் ரப்பர், பிரஷ், பேட் எந்த ஊரில் கிடைக்கும்? தரை சுத்தம் செய்யும் மெஷின்களைத் தயாரிக்கும் ரூட்ஸ் மல்டிகிளீன் நிறுவனம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. கார்ச்சர், நில்ஃபிஸ்க் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் மெஷின்களும் கிடைக்கின்றன. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் ஊருக்கு அருகில் உதிரிபாகம் கிடைக்கிற மெஷினே நல்ல மெஷின்.

7. மொத்த விலை எவ்வளவு? ஜி.எஸ்.டி., பேட்டரி, சார்ஜர், பிரஷ், கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்து மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். சார்ஜர் தனி, பேட்டரி தனி என்று பில் போடும்போது சொன்னால் கடன் தொகையே மாறிவிடும்.

பேட் நிறம் பார்த்து வாங்குங்கள்

மெஷினின் அடியில் மாட்டும் வட்டமான பேட் பல நிறத்தில் வரும். நிறம் அழகுக்கு இல்லை. எவ்வளவு முரடு என்பதைக் காட்டும் அடையாளம் அது.

வெள்ளை: மிகவும் மென்மை. மரத்தரையில் பளபளப்பாக்க ஏற்றது.
சிவப்பு: லேசான அழுக்கு எடுக்க. மரத்துக்கு இதுதான் எல்லை.
நீலம், பச்சை: நன்றாகத் தேய்க்க. டைல்ஸ், சிமெண்டுக்கு மட்டும்.
பழுப்பு, கறுப்பு: பழைய பாலிஷையே உரித்து எடுக்க. மரத்தரையில் வைக்கவே கூடாது.

டைல்ஸ் வேலைக்குப் பயன்படுத்திய பேட்டை மரத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அதில் மணல் ஒளிந்திருக்கும். மரத்துக்கான பேட்டைத் தனிப் பையில் வைத்து, பெயர் எழுதி வையுங்கள்.

திரவத்திலும் கவனம் வேண்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர், அம்மோனியா கலந்தது, சோப் ஆயில் எதுவும் மரத்துக்கு ஆகாது. மரத்தரைக்கு என்றே விற்கும், காரமோ அமிலமோ இல்லாத திரவத்தை டப்பாவில் சொன்ன அளவில் கலக்கவும். "கொஞ்சம் கூட ஊத்தினா இன்னும் சுத்தமாகும்" என்ற எண்ணம் வேண்டாம். தரை பிசுபிசுத்து, அடுத்த நாளே தூசி ஒட்டும்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

விற்பனையாளர் கடையின் டைல்ஸ் தரையில் ஓட்டிக் காட்டுவார். பளிச்சென்று இருக்கும். அது போதாது. "எங்களுக்கு மரத்தரையில் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நமக்கு வேலை தரப்போகும் இடத்திலேயே, உரிமையாளரின் சம்மதத்தோடு, டெமோ கேட்கலாம். கேட்பது நம் உரிமை. வாங்கும் வரைதான் அவர் நம் பின்னால் வருவார்.

டெமோவின்போது இதைச் செய்யுங்கள். தண்ணீரை மிகக் குறைவாக வைத்து ஒரு வரிசை ஓட்டச் சொல்லுங்கள். உடனே வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து அழுத்துங்கள். துணி லேசாகப் பனித்தால் பரவாயில்லை. நனைந்தால் அந்த மெஷின் வேண்டாம். தரை ஒன்றிரண்டு நிமிடத்தில் காய வேண்டும். பிறகு குழுவில் மெஷின் ஓட்டப்போகிறவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கைப்பிடி உயரம் நமக்குச் சரியாக இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா, அழுக்குத் தண்ணீர் டேங்கைத் தூக்கி ஊற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஆள் உயரத்துக்கு ஏற்பக் கைப்பிடியை மாற்ற முடிந்தால் நல்லது.

ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சு

உறுப்பினர்: ஏன்க்கா, பெரிய மெஷினா வாங்கிட்டா வேலை சீக்கிரம் முடியும்ல?

ஊக்குநர்: முடியும்தான். ஆனா நம்ம ஆர்டர்ல பாதி லாட்ஜ் ரூமு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல பெரிய மெஷின் எங்க திரும்பும்?

உறுப்பினர்: அப்ப சின்னதே போதும்ங்கறீங்களா?

ஊக்குநர்: ரூமுக்கு வேக்கமும் நல்ல தட்டை மாப்பும் போதும். துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சா மெஷினே வேண்டாம். ஹால் வேலை எத்தனை இருக்குன்னு முதல்ல எண்ணுவோம். அதைப் பார்த்துத்தான் மெஷின்.

மற்றொரு உறுப்பினர்: மெஷின் இருந்தாத்தானே அக்கா ஆர்டர் குடுப்பாங்க?

ஊக்குநர்: அதுக்குத்தான் முதல்ல வாடகைக்கு எடுத்துச் செஞ்சு காட்டுவோம்ங்கறேன். ஆர்டர் நிலைச்சா அப்புறம் கடன் எழுதலாம்.

அந்த ஊக்குநர் சொன்னது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் மெஷினின் வேகம். 17 அங்குலம் என்பது சுமார் 1.4 அடி. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 9,800 அடி. இரண்டையும் பெருக்கினால் 13,720 சதுர அடி. விளம்பரத் தாளில் இப்படிப்பட்ட எண்தான் இருக்கும். ஆனால் நாற்காலி நகர்த்த வேண்டும், ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சம் ஏற வேண்டும், டேங்கை நிரப்ப வேண்டும், மூலையைக் கையால் துடைக்க வேண்டும். அதனால் விளம்பரத்தில் சொன்னதில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். கீழே உள்ள எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலை, கூலி, வட்டியைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிடுங்கள்.

மெஷின் விலை வரியோடு ரூ.1,60,000. குழுவின் பங்கு ரூ.40,000. கடன் ரூ.1,20,000. 24 மாதத் தவணை, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி.

மாதம் கட்டாயச் செலவு:
அசல் ரூ.5,000
முதல் மாத வட்டி ரூ.1,200 (அசல் குறையக் குறைய இதுவும் குறையும்)
பேட்டரி, உதிரிபாகத்துக்கு எடுத்து வைப்பது ரூ.1,500
சர்வீஸ், இன்சூரன்ஸ் ரூ.500
மொத்தம் ரூ.8,200

ஒரு நாள் வேலைக் கணக்கு:
2,000 சதுர அடி ஹால், சதுர அடிக்கு ரூ.1.50 வீதம் வரவு ரூ.3,000
இரண்டு பேர் கூலி ரூ.1,200
ஆட்டோ ரூ.400
திரவம், பேட் தேய்மானம் ரூ.100
மீதி ரூ.1,300

மாதம் 4 நாள் வேலை என்றால் மீதி ரூ.5,200. கட்டாயச் செலவு ரூ.8,200. துண்டு விழுவது ரூ.3,000. இதை யார் கட்டுவது? சேமிப்பிலிருந்து எடுப்போம், பிறகு ஆளுக்கு ஆள் முகம் கோணும்.

மாதம் 7 நாள் வேலை என்றால் மீதி ரூ.9,100. செலவு போக ரூ.900 நிற்கும். ஆக, மாதம் 7 நாள் வேலை உறுதியாக இல்லாமல் இந்தக் கடனை எழுதவே கூடாது.

இப்போது அதே மெஷினை நாள் வாடகை ரூ.800க்கு எடுத்தால்? ஒரு நாள் மீதி ரூ.500. 4 நாள் வேலைக்கு ரூ.2,000 கையில் நிற்கும். கடன் இல்லை, கவலையும் இல்லை. 10 நாள் வேலைக்கு வாடகை வழியில் ரூ.5,000, சொந்த மெஷினில் ரூ.4,800. ஏறக்குறைய சமம். 10 நாளுக்கு மேல் போனால்தான் சொந்த மெஷின் முந்துகிறது. இரண்டு வருடம் கழித்து மெஷின் நமக்கே சொந்தம் என்பதும் ஒரு லாபம்தான். ஆனால் அந்த இரண்டு வருடத்தையும் தாண்ட வேண்டுமே!

பருவத்தையும் மறக்கக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் மலைக்குக் கூட்டம் வரும், விடுதிகளில் வேலை குவியும். அடைமழை மாதங்களில் வேலை குறையும். அந்த மாதங்களிலும் தவணை உண்டு. அதனால் சீசன் வரவை முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளாமல் மூன்று மாதத் தவணைக்குச் சமமான தொகையைக் குழுக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

வேலை நாளில் செய்ய வேண்டியவை

1. வேலைக்கு முன் தரையை உரிமையாளரோடு சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல், உப்பல், கறையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் செய்யாத சேதத்துக்கு நாம் பொறுப்பேற்க வேண்டி வராது.
2. நாற்காலி, மேசையைத் தூக்கி நகர்த்துங்கள், இழுக்காதீர்கள்.
3. வேக்கம் போடுங்கள். ஓரங்களையும் விடாதீர்கள்.
4. மூலையில் ஒரு சிறு இடத்தில் திரவத்தைச் சோதித்துப் பாருங்கள்.
5. பலகை ஓடும் திசையிலேயே மெஷினை ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்திச் சுற்ற விடாதீர்கள்.
6. ஒருவர் மெஷின் ஓட்ட, மற்றவர் காய்ந்த துணியோடு பின்னால் வந்து திருப்பத்திலும் மூலையிலும் நிற்கும் ஈரத்தைத் துடைக்க வேண்டும்.
7. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே சாமான்களைத் திரும்ப வையுங்கள். பனிமூட்டம், அடைமழை நாளில் ஈர வேலையைத் தள்ளிப்போடுங்கள்.
8. இரண்டு டேங்கையும் கழுவி, மூடியைத் திறந்து காயவிடுங்கள். வைப்பர் ரப்பரைத் துடைத்து, ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல மெஷின்களில் ரப்பரைத் திருப்பிப் போட்டு மறு ஓரத்தையும் பயன்படுத்தலாம். ரப்பர் தேய்ந்தால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் மரம் கெடும்.

ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். ரப்பர் செருப்பு போடுங்கள். சேலை முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் மெஷினைத் தூக்க வேண்டாம்.

குழுவில் தீர்மானம் எழுதுங்கள்

மெஷின் ஒருவர் பெயரில் வாங்கினால் நாளைக்குச் சண்டைக்கு வழி. பில் குழுவின் பெயரில் இருக்கட்டும். யார் வீட்டில் வைப்பது, சார்ஜ் போடும் கரண்ட் செலவை யார் தருவது, யார் யார் ஓட்டுவது, ஓட்டாதவர்களுக்குப் பங்கு எப்படி, பழுதானால் யார் போன் செய்வது என்று எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மெஷினுக்குத் தனி நோட்டு ஒன்று வையுங்கள். தேதி, இடம், சதுர அடி, வரவு, செலவு, என்ன பழுது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த கடனுக்கு வங்கி மேலாளரிடம் போகும்போது அந்த நோட்டே நமக்காகப் பேசும்.

சகோதரிகளே, மெஷின் வந்தால் தொழில் வந்துவிடும் என்று நினைக்கிறோம். தொழில் வந்த பிறகு மெஷின் வரட்டும். முதலில் தரை, பிறகு வேலை, பிறகு கணக்கு, கடைசியில்தான் கடை. இந்த வரிசை மாறாமல் போனால் மரமும் கெடாது, நம் சேமிப்பும் கரையாது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மரத்தரை உள்ள இடங்கள் எத்தனை? ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி?
2. அவர்களில் மாதம் ஒருமுறையாவது வேலை தருவதாக எழுதிக் கொடுக்கக் கூடியவர்கள் யார் யார்?
3. வாடகைக்கு மெஷின் எங்கே கிடைக்கும்? நாள் வாடகை எவ்வளவு?
4. பக்கத்துக் குழுக்களோடு சேர்ந்து கூட்டமைப்பின் பெயரில் ஒரே மெஷின் வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாமா?
5. மேலே உள்ள கணக்கை உங்கள் ஊர் விலையில் போட்டால் மாதம் எத்தனை நாள் வேலை தேவை?

விடைகளை எழுதி அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.